வேறு காரணம்

புதுச்சேரி

அன்புள்ள நிலா,

உன் குரல் செய்தி கிடைத்தது. “எதை எடுத்தாலும் யூத வெறுப்புன்னு பெருசாக்கிடறாங்க” என்று உன் வகுப்புத் தோழன் சொன்னானாம், உனக்கும் அதில் பாதி சரியென்று பட்டதாம். எந்தப் பாதி என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பிறகு நீயே பார்த்துக்கொள். தூரத்துக் கதை எதுவும் வேண்டாம், நீ மெட்ரோவில் போய்வருகிற ஊரிலேயே நடந்தவை போதும்.

1980 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை மாலை. பாரிசின் 16வது வட்டாரத்தில் கொப்பெர்னிக் தெருவிலுள்ள யூதர்களின் ஜெப ஆலயத்துக்கு வெளியே, மோட்டார் சைக்கிளில் வைத்திருந்த குண்டு வெடித்தது. உள்ளே முந்நூறு பேரளவில் வழிபாட்டில் இருந்தார்கள். செத்தது வெளியே தெருவில் இருந்த நான்கு பேர். அவர்களில் ஒருவர் இஸ்ரேலிலிருந்து வந்திருந்த பெண். அன்றிரவு பிரதமர் ரேமோன் பார் தொலைக்காட்சியில் பேசினார். ஜெப ஆலயத்துக்குப் போன யூதர்களைக் குறிவைத்த தாக்குதல், தெருவைக் கடந்துகொண்டிருந்த அப்பாவிப் பிரெஞ்சுக்காரர்களைத் தாக்கிவிட்டது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இன்னொரு தடவை படி. உள்ளே இருந்தவர்கள் அப்பாவிகளும் இல்லை, பிரெஞ்சுக்காரர்களும் இல்லை என்றாகிறது. சொன்னவர் தெருச்சண்டைக்காரர் அல்ல, பொருளாதாரப் பேராசிரியர், நிதானமானவர் என்று பெயரெடுத்தவர். வருத்தம் தெரிவிக்கும்போதே வாயில் வந்துவிட்டது. அதுகூடப் போகட்டும், இரவு நேரம், பதற்றம் என்று விட்டுவிடலாம். ஆனால் 2007இல், தன் கடைசி வருஷத்தில், வானொலிப் பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டபோதும் அவர் பின்வாங்கவில்லை. யூதர்களின் செல்வாக்குக் கும்பல்தான் தன்மேல் பழி கிளப்பியது என்றார். வாய் தவறியதற்கு மன்னிப்பு உண்டு. இருபத்தாறு வருஷம் கழித்தும் அதே பேச்சு என்றால் அது வாய் தவறியது இல்லை.

அடுத்தது இலான் ஹலிமி. வயது 23, வொல்த்தேர் பெருஞ்சாலையில் செல்போன் கடையில் விற்பனையாளர். 2006 ஜனவரியில் ஒரு பெண்ணை வைத்து ஆசைகாட்டி வரவழைத்துக் கடத்தினார்கள். பஞ்யோவில் ஒரு குடியிருப்பில் மூன்று வாரத்துக்கு மேல் அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள். இடம் கொடுத்தது அந்தக் கட்டடத்தின் காவல்காரரே. கேட்ட பணம் 450,000 யூரோ. பையன் கடையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், வீட்டிலும் வசதி கிடையாது. ஆனால் கடத்தியவர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை: யூதன் என்றால் பணம் இருக்கும், அவன் வீட்டில் இல்லாவிட்டால் மற்ற யூதர்கள் சேர்ந்து கொடுப்பார்கள். பிப்ரவரி 13 அன்று ரயில் பாதையோரம் குற்றுயிராகக் கிடந்தவன், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தான்.

போலீஸ் இதை ஆரம்பத்தில் பணத்துக்கான ஆள்கடத்தலாகவே பார்த்தது. பணத்துக்குத்தான் கடத்தினார்கள், பொய்யில்லை. ஆனால் ஏன் இவனை? அந்தக் கேள்விக்குப் பணம் பதிலாகாது. நான் உனக்குச் சொல்ல வருவது இதுதான். யூத வெறுப்பை மூடி மறைக்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு உண்மையான காரணத்தை எடுத்து முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு குற்றத்துக்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்பதுபோல. கொள்ளை, போதை, வேலையின்மை, குடி, சின்னப் பசங்களின் சேட்டை, ஏதாவது ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். 2019இல் இலான் நினைவாக நட்ட மரங்களை வெட்டிப்போட்டிருந்தார்கள். அதே வாரத்தில் 13வது வட்டாரத் தபால் பெட்டிகளில் வரைந்திருந்த சிமோன் வெய்யின் முகத்தின்மேல் ஸ்வஸ்திகா பூசியிருந்தது. அவர் அவுஷ்விட்சிலிருந்து உயிரோடு திரும்பியவர், மந்திரியாக இருந்து கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். மரம் வெட்டுகிறவனுக்கு வேலையில்லாமல் இருக்கலாம்தான். வெட்ட அந்த மரத்தைத் தேடிப் போயிருக்கிறானே.

நம்மவர்களையும் சொல்ல வேண்டும். “யூதன் மாதிரி காசு சேர்க்கத் தெரியணும், அவன் மூளையே வேற” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நீயும் கேட்டிருப்பாய். உன் அப்பாவே சொல்வான். நமக்கு அது பாராட்டு. யூதர் யாரையும் பார்த்ததில்லை, பகையும் இல்லை. ஹிட்லரின் சுயசரிதை நடைபாதைக் கடையில் சுயமுன்னேற்றப் புத்தகங்களோடு கிடக்கும், கறாரான தலைமையாசிரியருக்கு அவன் பெயரையே பட்டமாக வைப்போம். ஆனால் இலானைக் கடத்தியவர்கள் நம்பியதும் அதே பாராட்டைத்தான். அதனால் அங்கே யாராவது அப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னால் கூடச் சிரித்துவைக்காதே.

காஸா பற்றி நீ கேட்டதை நான் தட்டிக்கழிக்கவில்லை. இஸ்ரேல் அரசு அங்கே செய்வதைக் கண்டிக்கிறாய், ஊர்வலத்துக்குப் போகிறாய். போ. அதை யூத வெறுப்பு என்று சொல்லி வாயடைக்கப் பார்க்கும் அரசியல்வாதிகள் இருக்கிறார்கள், உன் தோழன் சொன்னதில் சரியான பாதி அதுவாக இருக்கலாம். மற்ற பாதிக்கு மட்டும் பாரிசைத் தாண்டி ஜெர்மனியில் ஓர் உதாரணம். 2014 ஜூலையில் வுப்பர்த்தால் நகர ஜெப ஆலயத்தின்மேல் மூன்று பேர் பெட்ரோல் குண்டு எறிந்தார்கள். அந்த ஊரில் 1938இல் நாஜிகள் ஜெப ஆலயத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள். 2015இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், இவர்கள் காஸா போரின்பால் கவனத்தை ஈர்க்க நினைத்தார்கள், யூத வெறுப்பு நிரூபணமாகவில்லை என்றது. தண்டனையையும் நிறுத்திவைத்தது. கோபம் இஸ்ரேல் மேல் என்றால் தூதரகத்தின் முன்னால் போய்க் கத்தலாம். வுப்பர்த்தாலில் கும்பிடப் போகிற கிழவர்களா இஸ்ரேலில் முடிவெடுக்கிறார்கள்?

இனி உன் கட்டடத்து விஷயம். மூன்றாம் மாடியில் இருக்கிற அந்த யூத அம்மாவின் தபால் பெட்டியில் பெயரைச் சுரண்டி ஸ்வஸ்திகா கிறுக்கியிருந்ததையும், பராமரிப்பு நிர்வாகி “பசங்க வேலை” என்று சொல்லிவிட்டுப் போனதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி முடித்துவிட்டாய். அந்த வரிசையில் எத்தனை பெட்டி இருக்கிறது, எத்தனை பெட்டியில் கிறுக்கல் இருக்கிறது என்று நிர்வாகியிடம் கேள், சண்டை போடாமல், சாதாரணமாக.

முதலில் அந்தம்மாவிடம் பேசு. புகார் வேண்டாம் என்றால் அது அவர் இஷ்டம், நீ அவருக்காக வீரம் காட்டப் போகாதே. போகலாம் என்றால் கூடவே கொமிசரியாவுக்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போ. சேதம் சின்னதுதானே, ‘மேன் கூராந்த்’ எழுதிக்கொள்ளலாம் என்று அங்கே யாராவது சொல்லக்கூடும். அது வெறும் நாட்குறிப்பு, பதிவேட்டில் ஏறும், அதோடு சரி, பொதுவாக விசாரணை வராது. ‘ப்ளேந்த்’, அதாவது முறையான புகார், கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள், அதுதான் அரசு வழக்கறிஞர் வரை போகும். யூதர் என்பதால் செய்தது என்ற விஷயமும் அதில் எழுத்தில் இருக்கட்டும். மதத்தையோ இனத்தையோ காரணமாக வைத்துச் செய்த குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்ட 2003லிருந்து அங்கே சட்டம் இருக்கிறது, ஆனால் தாளில் இல்லாத காரணத்தை நீதிபதி எப்படிப் பார்ப்பார்? கையெழுத்துக்கு முன் முழுசாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பெட்டியைத் துடைக்க ஆள் வருவதற்குள் நாலு போட்டோ எடுத்துவிடு, பக்கத்துப் பெட்டிகளும் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
அத்தை