விடியுமுன் ஒரு மணி நேரம்

காலை மணி 5.30. வெளியே இன்னும் இருட்டாக இருக்கிறது. ஈசூனில் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சமையலறை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்குகின்றன. ஒரு வீட்டில் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுகிறார்கள். மற்றொரு வீட்டில் ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறார்கள். இன்னொரு வீட்டில், "எழுந்திரு கண்ணு, மணியாகிவிட்டது" என்று ஒரு தாய் மூன்றாவது முறையாக அழைக்கிறார். போர்வைக்குள்ளிருந்து பதில் வரவில்லை.

சிங்கப்பூரில் பெரும்பாலான தொடக்கப்பள்ளிகள் காலை 7.30 மணியளவில் தொடங்குகின்றன. தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், கண்விழிக்கும் நேரத்திற்கும் பள்ளி மணி அடிக்கும் நேரத்திற்கும் இடைப்பட்ட பொழுது மிகவும் நெருக்கடியானது. ஒரு காலணி காணாமல் போனாலும் போதும், அன்றைய காலைப்பொழுதே தலைகீழாகிவிடும்.

இருட்டில் புறப்படுவது ஏன்?

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இங்கு ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு உதிக்கிறது. முன்பு இன்னும் முன்னதாகவே விடிந்தது. அதாவது, கடிகாரம் வேறாக இருந்தது. தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கியபோது, சிங்கப்பூரும் அதே மாற்றத்தைச் செய்தது. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், நாட்டின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதனால்தான் 6.30 மணிக்குப் புத்தகப்பையுடன் மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் சிறுவர்கள் விளக்கு வெளிச்சத்திலேயே நிற்கிறார்கள்.

பள்ளி நேரமும் மாறியிருக்கிறது. முன்பு பல தொடக்கப்பள்ளிகள் காலை, பிற்பகல் என இரு நேரங்களில் இயங்கின. பிற்பகல் வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளுக்குக் காலை அவசரம் இல்லை. பிறகு அப்பள்ளிகள் படிப்படியாக ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கின. பள்ளி முடிந்த பின்னர் பெற்றோர் வீடு திரும்பும்வரை பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள மாணவர் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால், பள்ளி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலும் குடும்பமேதான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

பாட்டி செய்த வேலைகள்

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். தாய் மருத்துவமனையில் தாதி. காலைப் பணி ஏழு மணிக்குத் தொடங்குவதால் அவர் ஆறு மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். தந்தை குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர். நிறுவனத்தின் வேன் அவரை 6.30 மணிக்கு ஏற்றிச் செல்லும். மகன் உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். மகள் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். காலையில் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர் அவர்களோடு வசிக்கும் பாட்டிதான்.

ஒருநாள் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்காலில் பலத்த அடி. சில மாதங்களுக்கு அதிகம் நடக்கக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். பாட்டி காலையில் என்னென்ன செய்துவந்தார் என்பது அப்போதுதான் வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிந்தது. பேத்தியை எழுப்புவது, பல் துலக்க வைப்பது, தலைவாரிப் பின்னல் போடுவது, பசியாற வைப்பது, தண்ணீர்ப் புட்டியை நிரப்புவது, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது, கைபிடித்துச் சாலையைக் கடந்து பள்ளி வாசலில் விடுவது. இவை எதுவும் எந்த அட்டவணையிலும் இல்லை. பாட்டியின் நினைவில் மட்டுமே இருந்தன.

முதல் வாரம் அந்தப் பொறுப்பு அண்ணன்மீது விழுந்தது. தங்கையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, அங்கிருந்து பேருந்து எடுத்துத் தன் பள்ளிக்குப் போக வேண்டும். 6.40 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் நேரத்தோடு போய்விடலாம் என்று அவன் கணக்குப் போட்டான். கணக்குச் சரிதான். ஆனால், எட்டு வயதுப் பிள்ளை கணக்குப்படி நடப்பதில்லையே! செவ்வாய்க்கிழமை அவள் காலுறையைத் தேடினாள். வியாழக்கிழமை பாதி வழியில் தண்ணீர்ப் புட்டியை மறந்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். இரண்டு நாள்களும் அண்ணன் தன் பேருந்தைத் தவறவிட்டான். இரண்டு நாள்களும் பள்ளிக்குத் தாமதமாகச் சென்றதால் அவன் பெயர் குறித்துக்கொள்ளப்பட்டது. வீட்டில் அவன் அதைச் சொல்லவில்லை. வகுப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் தாய்க்குத் தெரிந்தது.

"ஏன்டா சொல்லவில்லை?" என்று அவர் கேட்டார்.

"நீங்கள் வேலையை விட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன் அம்மா" என்றான் அவன்.

தாய் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். பகுதிநேர வேலைக்கு மாறினால் காலையில் மகளுடன் இருக்கலாம். ஆனால், சம்பளம் குறையும். பாட்டியின் மருத்துவச் செலவும் வீட்டுக்கடனும் காத்திருந்தன.

பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுதல்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஐந்து பேரும் மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். காலையில் செய்ய வேண்டிய வேலைகளைப் பாட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல, பேரன் எழுதினான். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, "இதை இரவிலேயே செய்துவிட முடியுமா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு, முடியும் என்பதே பதிலாக இருந்தது. சீருடை, காலுறை, காலணி, புத்தகப்பை, பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவம் ஆகிய அனைத்தும் இரவு எட்டு மணிக்குள் கதவருகே தயாராக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதைச் சரிபார்ப்பது அண்ணனின் வேலை. தானே உடை உடுத்திக்கொள்வது தங்கையின் வேலை. பின்னலுக்குப் பதிலாகக் குதிரைவால் போட்டுக்கொள்ள அவள் ஒப்புக்கொண்டாள். பாட்டி நாற்காலியில் அமர்ந்தபடி மணியைப் பார்த்துச் சொல்வார்.

பள்ளிக்கு அழைத்துச் செல்வது யார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. தந்தை தம் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். 2024 டிசம்பர் முதல் நாளிலிருந்து சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு முறையாக விண்ணப்பிக்கலாம். முதலாளி அதை நியாயமாகப் பரிசீலித்து, இரண்டு மாதத்திற்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று பொருளில்லை. வேலையின் தேவையைக் காரணம் காட்டி முதலாளி மறுக்கலாம். ஆனால், கேட்பதற்கு ஒரு முறையான வழி இருக்கிறது.

நிறுவனம் வாரத்தில் மூன்று நாள்களுக்கு ஒப்புக்கொண்டது. அந்த நாள்களில் தந்தை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு 8.30 மணிக்கு வேலையைத் தொடங்கலாம். மாலையில் அதற்கேற்பத் தாமதமாக முடிக்க வேண்டும். மற்ற இரு நாள்களுக்குப் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி கைகொடுத்தார். தம் பேரனை அதே பள்ளிக்கு அழைத்துச் செல்லும் அவரைப் பிள்ளைகள் "நேனே" என்று அழைப்பார்கள். "ஒரு கையில் ஒரு பிள்ளை இருக்கிறான், இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது" என்று அவர் சிரித்தார். உதவியை வாங்கிக்கொள்வதோடு தாய் நின்றுவிடவில்லை. விடுமுறை நாள்களில் அந்த மூதாட்டியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

இரவில் தொடங்கும் காலை

தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் தேவை என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். காலை 5.45 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை, ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டுமென்றால் இரவு 8.45 மணிக்கு உறங்கியிருக்க வேண்டும். பெற்றோர் வீடு திரும்பும்போதே ஏழு மணியாகிவிட்டால், இரவு உணவு, வீட்டுப்பாடம், பேச்சு, சிரிப்பு எல்லாவற்றுக்கும் எஞ்சுவது இரண்டு மணி நேரம்கூட இல்லை. பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வைப்பதா, இன்னும் கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பேசுவதா என்பது வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலரும் ஒவ்வோர் இரவும் எடுக்கும் முடிவு.

இதனால் சில குடும்பங்கள் காலையில் பத்து நிமிடத்தைப் பேச்சுக்காக ஒதுக்குகின்றன. பசியாறும்போது தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வைக்கின்றன. அதிகாலையில் புறப்பட்டுவிடும் பெற்றோர் உணவுப்பெட்டியில் இரண்டு வரி எழுதி வைக்கிறார்கள். அவசரத்தில் சொல்லும் கடுஞ்சொல் பிள்ளையின் மனத்தில் நாள் முழுவதும் தங்கிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

அந்த ஈசூன் குடும்பத்திலும் எல்லாம் சீராகிவிடவில்லை. தந்தை மூன்று நாள்கள் இரவு உணவுக்குத் தாமதமாகவே வருகிறார். மழை பெய்யும் காலைகளில் இன்னும் பரபரப்பு இருக்கிறது. ஆனால், அண்ணன் மறுபடியும் தாமதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. தாய் வேலையை விடவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பிறகு பாட்டி கைத்தடியோடு நடக்கத் தொடங்கியபோது, பழையபடி எல்லாவற்றையும் தாமே செய்வதாகச் சொன்னார். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை.

"நீங்கள் மணி மட்டும் சொல்லுங்கள் பாட்டி. மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டுத் தானே குதிரைவால் கட்டிக்கொண்டாள். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டி அதைத் திருத்தவில்லை.

"மணி 6.40" என்று மட்டும் சொன்னார்.