வாழ்த்து குவியுது, புத்தகம் விற்கலையே!

கேள்வி: சொந்தக் காசில் நாவல் போட்டேன். முகநூலில் எழுத்தாள நண்பர்கள் ‘வாழ்த்துகள்’ என்று குவிக்கிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வாழ்த்தியவர்களில் பலரும் தங்கள் புத்தகத்தை விற்க வந்தவர்கள்தானே! அவர்களுடையதை நீங்கள் வாங்கினீர்களா?

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, அடுத்தவர் கவிதைகளை அச்சிட்டார். தயவு பார்க்காமல் விமர்சித்தார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைசிக் காலத்தில் தானே வெளியிட்ட ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு, மறைவுக்குப் பின், 2001-இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

தினமும் அட்டைப்படம் போடுவதை நிறுத்திவிட்டு, நாவலில் ஒரு பக்கத்தைப் போடுங்கள். மாதம் ஒரு சக எழுத்தாளரின் நூலை வாங்கி, படித்து, நிறைகுறை எழுதுங்கள். கருத்துச் சொன்ன வாசகருக்குப் பெயர் சொல்லிப் பதில் போடுங்கள். லைக் போடுபவர் நண்பர். படித்துவிட்டுச் சண்டைக்கு வருபவர்தான் வாசகர். அவரை விட்டுவிடாதீர்கள்.