பணம் ஏன் மாணவர் கைக்கு வரவில்லை?

கேள்வி: கொரோனா காலத்தில் அமெரிக்காவில் தொழிற்கல்லூரி மாணவர்கள் கையிலேயே பணம் கொடுத்தார்களாமே? கடலூர் ஐ.டி.ஐ.யில் படித்த என் மகனுக்கு ஏன் அப்படி வரவில்லை?
– ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: உண்மைதான். 2020-இல் அங்கே வந்த ‘கேர்ஸ்’ சட்டம், சாப்பாடு, வாடகைச் செலவுக்கென மாணவருக்கே உதவித்தொகை தந்தது. இங்கே ரேஷன் அட்டைக்கு 2020-இல் 1,000 ரூபாய், 2021-இல் 4,000 ரூபாய் கிடைத்தது, அது குடும்பத்துக்கு. பாலிடெக்னிக் உள்ளிட்ட கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டா. டேட்டாவில் பாடம் கேட்கலாம். ஃபிட்டர் படிக்கிறவன் அரம் பிடித்துப் பழக முடியுமா? பட்டறை மூடிக் கிடந்ததுதான் பெரிய நஷ்டம்.

இன்று அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. சேர்பவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. அடுத்த பேரிடரில் அதே கணக்கில் கூடுதல் தொகை போட வழியிருக்கிறது. அரசு மனம் வைக்க வேண்டும். வீட்டில் இளையவர்கள் இருந்தால், சேர்ந்தவுடன் கல்லூரி வழியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.