வீட்டுக் கணினி இயங்க மறுத்தால்: மின்வழங்கலும் விசிறியும்

வீட்டு வாடகை உதவிக்கு விண்ணப்பிப்பது, பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் கோருவது, மருத்துவரிடம் நேரம் குறிப்பது என அன்றாட அலுவல்கள் பலவும் இன்று கணினி வழியாகவே நடைபெறுகின்றன. ஆதலால், வீட்டுக் கணினி ஒரு நாள் காலையில் இயங்க மறுத்தால் குடும்பமே கலங்கிப் போகிறது. விண்ணப்பத்தின் இறுதி நாள் நெருங்கியிருந்தால் கலக்கம் இன்னும் கூடும். ஆயினும், கோளாறு பிளக்கினுள் இருக்கும் சிறு உருகியிலோ, தூசி அடைத்த விசிறியிலோ இருக்கக்கூடும். மேலும், மின்வழங்கி பழுதடைந்தாலும் வன்தட்டில் உள்ள புகைப்படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் அழிவதில்லை. எனவே காரணத்தை ஒழுங்காகத் தேடிப் பார்க்காமல் கணினியைக் கழிவாக ஒதுக்கிவிடலாகாது.

முதலில் பாதுகாப்பு

கணினிப் பெட்டியின் பக்க மூடியைத் திறக்குமுன் சுவரிலுள்ள ஆளியை அணைத்து, மின்வடத்தையும் கழற்றிவிட வேண்டும். பெட்டியினுள் இருக்கும் மின்வழங்கி என்னும் உலோகப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மின்வடத்தைக் கழற்றிய பின்னரும் அதனுள் இருக்கும் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். உள்ளே எதையும் தொடுமுன் பெட்டியின் வர்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைக் கையால் தொட்டால், உடலில் உள்ள நிலைமின்னால் நுண்ணிய பாகங்கள் பழுதடைவதைத் தவிர்க்கலாம்.

எரியும் மணமோ புகையோ வந்தால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. எட்டக்கூடியதாக இருந்தால் சுவர் ஆளியை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. தீப்பற்றினால் எல்லோரும் வெளியேறி 999 இலக்கத்தை அழைக்க வேண்டும்.

ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை

தொடக்க விசையை அழுத்தியும் விளக்கு எரியாமல், விசிறி சுழலாமல் இருந்தால் மின்சாரம் உள்ளே வரவில்லை என்று கொள்ளலாம். சுவரிலிருந்து தொடங்கிக் கணினி வரை பின்வரும் வரிசையில் சோதிப்பது நன்று.

1. அதே சொக்கெற்றில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்க்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் கோளாறு கணினியில் இல்லை.

2. எக்ஸ்டென்ஷன் வயரை நீக்கிவிட்டு, கணினியை நேரடியாகச் சுவரில் இணைக்க வேண்டும்.

3. பிரித்தானியாவின் மூன்று முனைப் பிளக்கினுள் பியூஸ் எனப்படும் உருகி உண்டு. அதைக் கழற்றி, அதே அளவுள்ள புதிய உருகியை இட்டுப் பார்க்கலாம். 5 அம்பியர் உருகி இருந்த இடத்தில் 13 அம்பியர் உருகியை இடுவது தவறு. பழுது நேரும்போது உருகி உருகாமல் வயர் சூடேறித் தீப்பற்ற வழியுண்டு. புதிய உருகியும் உடனே உருகினால் மீண்டும் மாற்றிப் பார்க்காமல் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

4. மின்வழங்கியின் பின்புறத்தில் சிறு ஆளி இருந்தால், அதில் வட்டக் குறி அழுந்தியிருப்பது அணைந்த நிலையையும், கோட்டுக் குறி அழுந்தியிருப்பது இயங்கும் நிலையையும் காட்டும். தூசி துடைக்கும்போது அது தவறுதலாக அணைந்திருக்கலாம்.

5. பழைய மின்வழங்கிகள் சிலவற்றில் 115, 230 என்ற இலக்கங்களுடன் இன்னொரு ஆளி காணப்படும். பிரித்தானியாவில் அது 230 இல் இருக்க வேண்டும். கனடாவில் உள்ள உறவினர் கொடுத்த கணினியை முதன்முறை இணைக்குமுன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 115 இல் வைத்து இங்கு இணைத்தால் மின்வழங்கி அப்போதே எரிந்துவிடும்.

6. மின்வடத்தைக் கழற்றிய நிலையில் தொடக்க விசையை 30 விநாடி அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்னேற்றத்தை வெளியேற்றியபின் மீண்டும் இணைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்தும் பயனில்லையெனில் மின்வழங்கியோ, தொடக்க விசையோ, தாய்ப்பலகையோ பழுதடைந்திருக்கலாம். அதனை அறிந்தவரிடம் காட்டுவதே தகும்.

ஒரு கணம் சுழன்று நின்றால்

விசிறி ஒரு கணம் சுழன்று உடனே நின்றால், உள்ளே எங்கோ மின்சுற்றுக் குறுகியதால் மின்வழங்கி தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். அச்சுப்பொறி முதலாகப் புறத்தே இணைத்த யாவற்றையும் கழற்றிவிட்டு முயல வேண்டும். விசிறி தொடர்ந்து சுழன்றும் திரையில் ஒன்றும் தெரியாவிட்டால், திரையின் வடத்தையும் நினைவகத் தகடுகளையும் கழற்றி அழுத்தமாக மீண்டும் பொருத்திப் பார்ப்பது பொருத்தம்.

சிறிது நேரம் இயங்கி நின்றால்

கணினி பத்து இருபது நிமிடம் இயங்கி, பேரொலி எழுப்பித் திடீரென அணைந்தால் வெப்பத்தையே முதலில் ஐயுற வேண்டும். செயலி மிகச் சூடேறும்போது முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அதனாலும் தணியாவிட்டால், கருகாமல் தப்பும்பொருட்டுக் கணினி தானாகவே அணைந்துவிடும்.

பெட்டியைத் திறந்து, விசிறியின் இதழ்களில் வயர் ஏதும் தட்டுகிறதா, அதன் இணைப்புத் தாய்ப்பலகையில் இறுகப் பொருந்தியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். தூசியை மென்மையான தூரிகையாலும் அழுத்தக் காற்றுப் புட்டியாலும் அகற்றலாம். புட்டியை நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாக ஊத வேண்டும். ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். வீட்டுத் தூசு உறிஞ்சி நிலைமின்னை உண்டாக்குவதால் அதனை உள்ளே பயன்படுத்தலாகாது.

சமையலறைக்கு அருகில் கணினி இருந்தால், பொரிக்கும் எண்ணெய்ப் புகை தூசியோடு கலந்து விசிறியில் பிசுபிசுப்பாகப் படியும். சாமி அறையில் எழும் ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் அவ்வாறே. சூடேற்றிக்கு அருகிலும், கதவடைத்த அலுமாரியினுள்ளும், தடித்த கம்பளத்தின் மீதும் கணினியை வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

விசிறியை மாற்ற நேர்ந்தால் அதே அளவும் அதே வகை இணைப்பும் உள்ளதை வாங்க வேண்டும். வழமையாக முன்புற விசிறி காற்றை உள்ளிழுக்க, பின்புற விசிறி வெளியேற்றும். பொருத்தும்போது இத்திசை மாறலாகாது. செயலியின் மீதுள்ள உலோகக் குளிர்த்தியைக் கழற்றினால், பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இட வேண்டும்.

மடிக்கணினி

மடிக்கணினியைப் படுக்கையிலோ தலையணையிலோ வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மின்கலம் உப்பி, விசைப்பலகையோ அடிப்பாகமோ புடைத்திருந்தால் உடனே பாவனையை நிறுத்த வேண்டும். அதனை மின்னேற்றவோ, அழுத்தவோ, துளைக்கவோ கூடாது.

கழிவாக ஒதுக்கும்போது

கணினியையும் மின்கலத்தையும் வீட்டுக் குப்பைத் தொட்டியில் இடலாகாது. நசுங்கிய மின்கலம் குப்பை வண்டியில் தீப்பற்றக்கூடும். மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படைக்குமுன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டால் குடும்பத்தின் படங்களும் வங்கி விவரங்களும் பிறர் கையில் சேரா.

மீள்பார்வை

• உருகி உருகினால் அதைவிடக் கூடிய அளவுள்ளதை ஏன் இடலாகாது?

• மின்வழங்கியை ஏன் திறக்கக் கூடாது?

• இருபது நிமிடத்தில் அணையும் கணினியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இம்மூன்றுக்கும் விடை சொல்லத் தெரிந்தவர், அடுத்த முறை கணினி நின்றுபோகும்போது கலங்காமல் எங்கிருந்து தொடங்குவது என்பதை அறிந்திருப்பார்.