வீட்டுக் கழிவுநீர்க் குழாயைப் பேணும் முறை

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது

கண்ணுக்குத் தெரியும் பொருளைப் பேணுவதில் நம் குடியானவர்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. வாய்க்காலின் கரை உடைந்தால் அன்றே மண்வெட்டியுடன் புறப்பட்டுவிடுவார்கள். ஆனால் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பொருளை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வாறு மறக்கப்பட்டவற்றுள் ஒன்று, கழிப்பிடத்திலிருந்து குழிக்கோ தொட்டிக்கோ செல்லும் கழிவுநீர்க் குழாய். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பெற்ற பின்னர்ச் சிற்றூர்களில் வீட்டுக் கழிப்பிடங்கள் பெருகின. அவற்றுள் பலவற்றுக்குப் பத்தாண்டு நிறைந்துவிட்டது. ஆகவே, கட்டுவதைப் போலவே பேணுவதிலும் இனி நாம் கருத்தூன்ற வேண்டும்.

சில கோடைகளுக்கு முன்னர் நான் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டின் புறக்கடையில் கூட்டம் கூடியிருந்தது. கழிப்பிடத்தில் தண்ணீர் இறங்கவில்லை. செப்டிக் தொட்டி நிரம்பிவிட்டது என்று முடிவு செய்து, அதன் மூடியைப் பெயர்த்து வைத்திருந்தார்கள். கூலிக்கு வந்த இளைஞர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்க நின்றார். நான் அவரைத் தடுத்து, எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னேன். நெடிய மூங்கில் கழியை விட்டுப் பார்த்ததில், தொட்டியின் நீர், வெளியேறும் குழாயின் மட்டத்திலேயே இருந்தது. அது இருக்கவேண்டிய மட்டந்தான். குறை தொட்டியில் இல்லை. தொட்டிக்கு வரும் குழாயில் இருந்தது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நுழையும் வழியில், அரை அடி ஆழத்தில் பதித்திருந்த குழாய் நசுங்கிக் கிடந்தது. கொத்தனார் அரைநாளில் அதை மாற்றிக் கொடுத்தார். அந்த இளைஞர் அன்று மாலை நலமாக வீடு திரும்பினார்.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் ஒன்றுதான். கழிப்பிடத்தில் நீர் தேங்கினால் முதலில் ஐயுற வேண்டுவது குழாயையே. அதைத் தரைமேல் நின்றபடியே, எளிய கருவிகளைக் கொண்டு சோதித்துவிடலாம். அதற்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

அமைப்பை அறிதல்

நம் சிற்றூர்களில் இரு வகை அமைப்புகள் உள்ளன. முதலாவது இரட்டைக் குழி முறை. இதில் கழிப்பிடக் குழாய் ஒரு சிறு சேம்பரை அடைந்து, அங்கிருந்து இரு குழிகளுக்கும் பிரிகிறது. ஒரு சமயத்தில் ஒரு குழியே உபயோகத்தில் இருக்கவேண்டும். மற்றதன் வாயை அடைத்து வைக்கவேண்டும். நிரம்பிய குழியை இரண்டு ஆண்டுகள் ஆறவிட்டால், உள்ளிருப்பது மக்கி எருவாகிவிடும். சேம்பரில் அடைப்பு வைக்காமல் இரு குழிகளையும் ஒருசேர நிரப்பிவிடுவது பலர் செய்யும் பிழை.

இரண்டாவது செப்டிக் தொட்டி. இதில் கசடு அடியில் படிய, தெளிந்த நீர் மறுபக்கக் குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குச் செல்லவேண்டும். தொட்டி எப்போதும் வெளியேறும் குழாயின் மட்டம் வரை நீர் நிறைந்தே இருக்கும். இதை அறியாதவர்களே மூடியைத் திறந்ததும் ‘நிரம்பிவிட்டது’ என்று மருளுகிறார்கள். நீர் அம்மட்டத்துக்கு மேல் ஏறி நின்றால், கோளாறு உறிஞ்சுகுழியிலோ வெளியேறும் குழாயிலோ இருக்கும். அம்மட்டத்திலேயே நின்று, கழிப்பிடத்தில் மட்டும் நீர் தேங்கினால், கோளாறு வரும் குழாயில் இருக்கும்.

குறைகளின் அடையாளங்கள்

நீர் ஊற்றியதும் ‘களக் களக்’ என்ற ஓசையுடன் மெல்ல இறங்குவது, குழாய் செல்லும் தடத்தில் மண் அமிழ்வது, மழையில்லாக் காலத்திலும் அத்தடத்தில் ஈரம் காண்பது, அங்கே மட்டும் புல் செழித்து வளர்வது, எலி வளைகள் தோன்றுவது, ஓயாத துர்நாற்றம் ஆகியவை குழாய் பழுதுற்றதைக் காட்டும். அருகிலுள்ள கிணற்று நீரில் நாற்றம் கண்டாலும், அவ்வீட்டாருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தாலும் சற்றும் தாமதித்தல் ஆகாது. எனினும், கெட்ட நீர் தெளிவாகவும் நாற்றமின்றியும் இருக்கக்கூடும். ஆதலால் நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு அதைச் சோதித்தறிதல் நன்று.

சோதிக்கும் முறைகள்

1. சேம்பர்களைத் திறந்து பார்த்தல்: வழியில் இரண்டு சேம்பர்கள் இருந்து, மேலுள்ளதில் நீர் தேங்கிக் கீழுள்ளது உலர்ந்து இருந்தால், அடைப்பு அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. குழாய் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை.

2. விளக்கும் கண்ணாடியும்: இரு சேம்பர்களுக்கு இடையே குழாய் நேராகச் சென்றால், ஒரு முனையில் டார்ச் விளக்கைக் காட்டி, மறுமுனையில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கலாம். முழு வட்டமாக ஒளி தெரிந்தால் குழாய் நேராகவும் தடையின்றியும் உள்ளது. வட்டம் குறைந்து தெரிந்தால் குழாய் தொய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே கசடு படிந்திருக்கிறது. செப்டிக் தொட்டியின் வாயில் தீ விளக்கைக் காட்டுதல் கூடாது; அங்குள்ள மீத்தேன் வாயு தீப்பற்றி வெடிக்கும்.

3. பந்து விடுதல்: குழாயின் உள்விட்டத்தினும் சற்றே சிறிய, வழவழப்பான பந்து ஒன்றை மேல்முனையில் விட்டால், அது தானே உருண்டு கீழ்ச் சேம்பருக்கு வந்துசேர வேண்டும். புதுக் குழாய் பதித்தவுடன், அது உபயோகத்துக்கு வருமுன் இதைச் செய்வது எளிது.

4. நீர் நிறுத்திப் பார்த்தல்: குழாயின் கீழ்முனையைத் துணிப்பந்தும் களிமண்ணும் வைத்து இறுக அடைத்து, மேல்முனை வரை நீர் நிரப்பிக் கோடு போட்டுக்கொள்க. அரைமணி நேரத்தில் நீர்மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் அடைப்பைச் சரிபார்க்கவேண்டும். அடைப்பு இறுக்கமாக இருந்தும் மட்டம் இறங்கினால், கசிவு குழாயில் இருக்கிறது.

செப்பனிடுதல்

அடைப்பு மட்டும் இருந்தால், நீண்ட மூங்கில் பிளாச்சினால் சேம்பர் வழியே மெல்லக் குத்தி விலக்கி, வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவிவிடலாம். கடப்பாரையால் இடித்தால் குழாய் உடைந்துவிடும். ஆசிட் ஊற்றும் வழக்கம் தீமையானது. அது தொட்டியில் கசட்டைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆசிட்டும் பிளிச்சிங் பவுடரும் கலந்தால் நச்சுவாயுவான குளோரின் கிளம்பும். துணி, பிளாஸ்டிக் உறை, மாதவிடாய்த் துணி, குழந்தைகளின் டயாபர் ஆகியவற்றைக் கழிப்பிடத்தில் போடாதிருந்தாலே பெரும்பாலான அடைப்புகள் நேரமாட்டா.

அடைப்பு நீங்கியும் மீண்டும் மீண்டும் வந்தால், குழாய் தொய்ந்தோ விரிந்தோ இருக்கிறது என்று கொள்க. பழைய பீங்கான் குழாய்களிலும் சிமெண்ட் குழாய்களிலும் மூட்டுகளின் வெடிப்பில் மரவேர் நுழைந்து, உள்ளே தலைமயிர்க் கற்றைபோல் பரவிவிடும். வேரை வெட்டியெடுத்தாலும் மூட்டைச் சரிசெய்யாவிட்டால் அது மீண்டும் நுழையும். ஓரிடத்தில் மட்டும் பழுது இருப்பின் அத்துண்டை அறுத்து மாற்றலாம். பல மூட்டுகள் பழுதுற்றிருந்தால், ஆண்டுதோறும் ஒட்டுப்போடுவதைவிட முழுக் குழாயையும் மாற்றுவதே சிக்கனம்.

பி.வி.சி. குழாயின் வழவழப்பான மேற்பரப்பில் சிமெண்ட் கலவை பிடிக்காது. ஆகவே குழாயோடு குழாயைச் சேர்ப்பதற்கு, அதற்குரிய ஒட்டுப்பசையையோ ரப்பர் வளையத்தையோ உபயோகிக்கவேண்டும். சேம்பர்ச் சுவரில் நுழையும் இடத்தில் குழாயின்மேல் பசை தடவி மணல் தூவிக் காயவிட்டால், பின்னர்க் கலவை நன்கு பிடிக்கும். குழாயின் முனையை நெருப்பில் வாட்டி விரித்து, மற்றொன்றைச் செருகும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். கசிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த மூட்டில்தான்.

புதுக் குழாய் பதித்தல்

முதலில் வாட்டம். செப்டிக் தொட்டிக்குச் செல்லும் 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வரை வாட்டம் தருவது வழக்கம். கையால் நீர் ஊற்றும் இரட்டைக் குழிக் கழிப்பிடத்தில் ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் அளவே நீர் செல்வதால், அதற்குக் கூடுதல் வாட்டம் வேண்டும்; 10 அடிக்கு 8 அங்குலத்துக்குக் குறைதல் ஆகாது. கண்மதிப்பை நம்பாமல், டியூப் லெவலால் மட்டம் பார்த்து, நூல் கட்டிப் பதிக்கவேண்டும்.

பள்ளத்தின் அடியில் கல்லும் கட்டியும் நீக்கி, 4 அங்குல மணல் படுகை அமைக்கவேண்டும். கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிப் பதித்து வருக. குழாயின் அகன்ற வாய் நீர் வரும் பக்கத்தை நோக்கியிருக்கவேண்டும். செங்கோண வளைவுகளைத் தவிர்த்து, திரும்பும் இடத்தில் சேம்பர் கட்டுக. வண்டியும் டிராக்டரும் செல்லும் வழியில் ஆழமாகப் பதித்து, மேலே கான்கிரீட் உறையிடுக. பசை காய ஒரு நாள் விட்டு, பந்துச் சோதனையும் நீர்ச் சோதனையும் செய்த பின்னரே மண் மூடவேண்டும். குழாய் செல்லும் தடத்தை அளந்து, சுவரில் குறித்து வைத்தால் அடுத்த தலைமுறைக்கும் உதவும்.

இரட்டைக் குழியைக் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியும், செப்டிக் தொட்டியின் உறிஞ்சுகுழியை 18 மீட்டர் தள்ளியும் அமைக்கவேண்டும். தொட்டியின் காற்றுக் குழாய் முனையில் கொசுவலை கட்டுதல் அவசியம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் இத்தகைய தொட்டிகளில் பெருகுகின்றன.

பழைய குழாயைத் தோண்டியெடுப்பவர் ரப்பர்க் கையுறையும் பூட்ஸும் அணிந்து, வேலை முடிந்ததும் சோப்பால் கழுவிக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும்போது அவ்வீட்டார் எவரும் கழிப்பிடத்தை உபயோகித்தல் ஆகாது. கழிவுநீர் சிந்திய மண்ணில் பிளிச்சிங் பவுடர் தூவுக. கிணற்றுக்கு அருகில் கசிவு இருந்திருந்தால், நீரைச் சோதித்து நலமென்று அறியும் வரை அதைப் பருகலாகாது.

தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது

செப்டிக் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு உண்டு. அழுகிய முட்டையின் நாற்றமுடைய இவ்வாயு மிகும்போது மூக்கின் உணர்ச்சியையே மழுங்கச் செய்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்குபவர் நொடியில் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட செய்திகளை நாளேடுகளில் பலமுறை படித்திருக்கிறோம். இடுப்புக் கயிறு இதற்குக் காப்பு ஆகாது.

சட்டமும் இதைத் தடுக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொட்டியை இடர்மிகு முறையில் தூய்மை செய்ய ஆள் அமர்த்துபவருக்கு முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இவ்வாறு இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அளிக்கவேண்டும் என்று 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் எத்தொகையும் ஒரு தகப்பனைத் திருப்பித் தராது. தொட்டியைக் காலியாக்க வேண்டின், கழிவு உறிஞ்சும் லாரியை அழைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அக்கழிவு ஏரியிலோ ஓடையிலோ கொட்டப்படாமல் சுத்திகரிப்பு நிலையம் சென்று சேர்கிறதா என்று கவனிப்பதும் நம் கடமை.

பஞ்சாயத்தின் பணி

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் உள்ள வீடுகளுக்கு ஒரு குறிப்பேடு தொடங்கலாம். கழிப்பிடத்தின் வகை, கட்டிய ஆண்டு, குழாயின் தடம், அருகிலுள்ள கிணற்றின் தொலைவு, தொட்டியைக் கடைசியாகக் காலி செய்த தேதி ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். புதுக் குழாய் பதிக்கும் வீட்டில், மண் மூடுமுன் உறுப்பினர் ஒருவர் நின்று நீர்ச் சோதனையைப் பார்ப்பது நலம். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-இல் கூடும் கிராம சபையில் இக்குறிப்பேட்டைப் படித்து, கசியும் குழாய்களையும் கெட்ட கிணறுகளையும் முன்வைத்து முடிவெடுக்கலாம்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு டார்ச் விளக்கு, ஒரு கண்ணாடி, ஒரு பந்து, இரண்டு குடம் தண்ணீர் ஆகியவை எந்த ஊரிலும் கிடைப்பவையே. வரும் மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு காலைப் பொழுதை இதற்கென ஒதுக்கித் தம் வீட்டுக் குழாயைச் சோதித்துவிட்டால், கிணற்று நீரும் கெடாது. தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் தேடும் நிலையும் நம் ஊர்களில் வராது.