வர்த்தகக் குறியும் வாடிக்கையாளர் விருப்பமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்



இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ரீசேட் அடிப்பித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கடைக்காரர் முதலில் கேட்பது நிறத்தையோ படத்தையோ அல்ல. "எத்தனை வேணும்?" என்றுதான் கேட்பார். முப்பது என்றால் உட்காரச் சொல்வார். ஒன்று என்றால் கையை விரித்துவிடுவார். பெரிய வர்த்தகக் குறிகள் தமது பொருளை நாம் விரும்பியபடி மாற்றித் தராமல், சிலருக்கு மட்டும் மாற்றித் தருவது ஏன் என்ற வினாவுக்கு விடையின் பாதி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. "பணக்காரருக்கு மட்டும் மதிப்புக் கொடுக்கிறார்கள்" என்று எழுதினால் கோபம் தெரியும், புள்ளி கிடைக்காது.

முதலில் ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ரீசேட்டில் படம் அடிப்பதற்கான சட்டத்தைத் தயாரிக்க ரூபா 6,000 செல்கிறது என வைத்துக்கொள்வோம். இது நிலையான கிரயம். ஒரு ரீசேட்டுக்கும் மைக்கும் ரூபா 900 செல்கிறது. இது மாறும் கிரயம். ஒன்று மட்டும் அடித்தால் அதன் கிரயம் 6,900 ரூபா. முப்பது அடித்தால் 6,000 ரூபா முப்பதாகப் பிரிந்து அலகொன்றுக்கு 200 ரூபா ஆகும். அலகுக் கிரயம் 1,100 ரூபா. மூவாயிரம் அடித்தால் 902 ரூபா. இப்போது முப்பது பேரும் ஆளுக்கொரு படம் கேட்டால் என்ன ஆகும்? முப்பது சட்டங்கள் தேவை. ஒவ்வொரு ரீசேட்டும் மீண்டும் 6,900 ரூபாவுக்கு வந்துவிடும். இதனால்தான் கடைக்காரர் ஆகக்குறைந்த கட்டளை அளவு ஒன்றை வைத்திருக்கிறார். இந்தக் கணக்கை விடைத்தாளில் சிறிதாகவேனும் செய்துகாட்டுங்கள். பத்து வசனங்களில் சொல்வதை அது சொல்லிவிடும்.

இதே கணக்கு தொழிற்சாலையில் எப்படி இயங்குகிறது? போர் 2009 இல் முடிந்த பின்னர் வன்னிக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கிளிநொச்சியில் மாஸ் ஹோல்டிங்ஸ் குழுமத்தின் வானவில், விடியல் ஆகியனவும், வவுனியாவில் இத்தாலியின் கல்செடோனியா குழுமத்தைச் சேர்ந்த ஒமேகா லைன் தொழிற்சாலையும் அவற்றுட் சில. உங்கள் அயலில் ஒரு அக்கா விடியற்காலை பஸ்ஸில் இத்தகைய தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போகக்கூடும். அவரிடம் கேட்டுப்பாருங்கள். முழு ஆடையையும் அவர் தைப்பதில்லை. ஒருவர் கையைப் பொருத்துவார், அடுத்தவர் கழுத்தைத் தைப்பார், இன்னொருவர் ஓரம் மடிப்பார். இந்த வரிசையை அங்கு 'லைன்' என்பார்கள். ஒரே வகை ஆடை தொடர்ந்து வரும்போது கை பழகி வேகம் கூடும். வகை மாறினால் இயந்திரங்களை மாற்றி அடுக்கவேண்டும், நூல் மாற்றவேண்டும், பழகும்வரை உற்பத்தி குறையும். தனியொருவர் பையின் இடத்தைச் சற்று மேலே வைக்கச் சொன்னால், அவர் கேட்பது சிறியது. நிற்பதோ முழு வரிசை.

இன்னொன்றையும் கவனியுங்கள். துணி, நூல், அளவு, தையலின் நெருக்கம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு அனுப்புவது வர்த்தகக் குறியின் உரிமையாளர். தைக்கும் அக்காவுக்கும் அதில் ஒரு நூலின் நிறத்தைக்கூட மாற்ற இடமில்லை. ஆகவே விருப்பம் மறுக்கப்படுவது வாங்குபவருக்கு மட்டுமன்று.

மாற்றித் தராமல் விட்டதாலேயே விலை குறைந்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் தனது 'மொடல் ரி' காரை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. 1908 இல் அறிமுகமானபோது 850 டொலராக இருந்த அதன் விலை 1920களில் 300 டொலருக்கும் கீழே வந்தது. நிறம் மட்டுமே காரணமல்ல. ஒரே மாதிரியான உற்பத்தி முறையே காரணம்.

இனி விடையின் மறுபாதி. கிரயம் மட்டுமே தடையென்றால், கூடுதல் பணம் கொடுப்பவருக்கு எதையும் செய்துகொடுக்கலாமே? அப்படியும் செய்வதில்லை. காரணம், நிறுவனம் விற்பது பொருளை மட்டுமன்று, பெயரையும்தான்.

நைக்கி நிறுவனம் 1999 இல் ஒரு சேவையைத் தொடங்கியது. வாடிக்கையாளர் சப்பாத்தின் நிறங்களைத் தெரிவுசெய்யலாம். தாம் விரும்பும் ஒரு சொல்லையும் அதில் பொறிக்கக் கேட்கலாம். 2001 இல் யோனா பெரெற்றி என்ற அமெரிக்க மாணவர், 'சுவெற்சொப்' என்ற சொல்லைப் பொறிக்கும்படி கேட்டார். குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் ஆட்களைக் கசக்கிப் பிழியும் வேலைத்தலம் என்பது அதன் பொருள். 1990களில் இந்தோனேசியா, வியட்நாம் முதலிய நாடுகளில் நைக்கிக்குப் பொருள் செய்துகொடுத்த தொழிற்சாலைகளின் நிலைமை பற்றிக் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன. நிறுவனம் கட்டளையை ஏற்க மறுத்தது. இருவருக்குமிடையிலான மின்னஞ்சல்கள் உலகம் முழுவதும் பரவின. மறுத்ததால் சப்பாத்து காப்பாற்றப்பட்டது, பெயர் காப்பாற்றப்பட்டதா என்பது வேறு கதை.

இந்தச் சம்பவம் ஒரு விடயத்தைத் தெளிவாக்குகிறது. பொதுவாடிக்கையாளருக்குத் திறக்கப்படும் கதவு எப்போதும் ஒரு பட்டியலின் அளவே. அந்தப் பட்டியலுக்குள் நிறம் இருக்கும், எழுத்து இருக்கும். பெயருக்குப் பங்கம் தருவது இராது. தனியொருவர் செய்வித்த பொருள் திரும்பி வந்தால் இன்னொருவருக்கு விற்கவும் முடியாது.

அப்படியானால் பங்காளருக்கு மட்டும் கதவு அகலத் திறப்பது ஏன்? 1984 இல் நைக்கி, கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டனுடன் ஒப்பந்தம் செய்தது. அவருக்கென்றே ஒரு சப்பாத்து வடிவமைக்கப்பட்டது. 1985 இல் அது 'எயார் ஜோர்டன்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. விற்பனையில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஒருவருக்காகச் செய்த வடிவமைப்பின் கிரயம் இலட்சக்கணக்கான சோடிகளில் பரவியது. மேற்கூறிய ரீசேட் கணக்கேதான் இது. நம் நாட்டிலும் 2019 உலகக் கிண்ணப் போட்டிக்கான இலங்கைக் கிரிக்கெட் அணியின் ஜேர்சியை மாஸ் நிறுவனம் கடலோரப் பிளாஸ்ரிக் கழிவை மீள்சுழற்சி செய்து தயாரித்தது. கடலாமையின் உருவமும் அதில் இடம்பெற்றது. அணிக்கென்று இவ்வளவும் செய்யப்பட்டது. இரசிகர் அதே மாதிரியில் ஒன்றை வாங்கலாம், ஆமைக்குப் பதிலாக மயில் கேட்க முடியாது. பங்காளர் எண்ணிக்கையைக் கொண்டுவருகிறார், அல்லது புகழைக் கொண்டுவருகிறார். அத்துடன் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டும் இருக்கிறார். நமக்கு அந்த மூன்றும் இல்லை.

இது நியாயமா என்று கேட்பீர்கள். கிரயக் காரணம் நியாயமானது என்பேன். பெயர்க் காரணத்தை அரைவாசிதான் ஏற்றுக்கொள்வேன். பிறர் பெயரைக் கெடுக்காமல் தடுப்பது உரிமை. தன்னைப் பற்றிய கேள்வியைத் தடுப்பதற்கும் அதே கதவைப் பயன்படுத்துவது வேறு.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யப்பட்ட குறிக்குப் பத்து ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு, அதைப் புதுப்பிக்கலாம். எனவே இல்ல ரீசேட்டில் அழகுக்காக ஒரு பிரபல நிறுவனத்தின் குறியை அடிப்பித்து விற்க நினைப்பது ஆபத்தான வேலை. உங்கள் இல்லத்தின் சின்னத்தை நீங்களே வரையுங்கள்.

பெரிய நிறுவனம் மூடிவைத்த கதவுக்கு வெளியேதான் சந்தையடித் தையற்கடை நிற்கிறது. அங்கே அளவெடுத்து, கழுத்தை இறக்கி, கையை நீட்டித் தைத்துத் தருவார்கள். விலைக்கு ஈடுகொடுக்க முடியாத தையற்காரர் விருப்பத்துக்கு ஈடுகொடுத்துப் பிழைக்கிறார். சிறிய வணிகமொன்றின் அனுகூலம் யாது எனக் கேட்டால் இதை உதாரணமாக எழுதலாம்.

பயிற்சி

கிளிநொச்சியில் தையற்கடை நடத்தும் ஒருவரிடம் பாடசாலை ஒன்று 200 ஜேர்சிகளுக்குக் கட்டளை தருகிறது. வடிவமைப்புக்கு ரூபா 8,000 உம், ஜேர்சி ஒன்றுக்கு ரூபா 1,150 உம் செலவாகும்.

(அ) அலகொன்றுக்கான கிரயத்தைக் கணிக்குக.

(ஆ) மாணவர் ஒருவர் தனக்கு மட்டும் வேறு வடிவமைப்புக் கேட்கிறார். புதிய வடிவமைப்புக்கும் அதே செலவாகுமெனின், அந்த ஒரு ஜேர்சியின் கிரயம் யாது?

(இ) அவருடைய கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்பதைத் தீர்மானிக்கும்போது, கிரயம் தவிர்ந்த இரண்டு விடயங்களைக் குறிப்பிட்டு விளக்குக.