வெளிச்சுவருக்கு நீர்விலக்குப் பூச்சு வேண்டுமோ?

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்காரர் பலர் வினவும் வினா ஒன்றுண்டு. வெளிச்சுவர்களுக்கு நீர்விலக்குப் பூச்சு இடுவது செலவுக்குத் தக்க பயனைத் தருமா என்பதே அது. பூச்சு விற்போர் தரும் என்பர். ஒருமுறை இட்டுப் பயன்காணாதோர் தராது என்பர். இவ்விரு விடைகளில் ஒன்றை ஏற்குமுன், நீர் சுவருக்குள் எவ்வாறு புகுகின்றது என்பதனை ஆராய்வோம்.

செங்கல்லும் சிமெண்டுச் சாந்தும் திண்ணியவாய்த் தோன்றினும் எண்ணிறந்த நுண்துளைகளை உடையன. விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல அத்துளைகள் நீரை ஈர்க்கும். துளை நுண்ணிதாக ஆக ஈர்ப்பு மிகும். நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில், கணக்கின்படி, நீர் ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரம் ஏறவல்லது. சிலேன், சிலாக்சேன் என்னும் சிலிக்கன் சேர்மங்கள் இத்துளைகளை அடைப்பதில்லை. துளைகளின் உட்புறத்தே படிந்து, சேம்பிலைமேல் நீர் ஒட்டாது உருள்வது போன்ற தன்மையை அளிக்கின்றன. துளை திறந்தேயிருத்தலின் உள்ளீரம் ஆவியாய் வெளியேறும். ரப்பர்போல் தடித்த படலமாகப் படியும் பூச்சுக்களோ வேறினத்தன. அவை மயிரிழை வெடிப்புக்களை மூடும்; ஆனால் ஆவி வெளிப்படுதலைக் குறைக்கும். இரண்டினையும் ஒரே பெயரால் வழங்குவதே குழப்பத்துக்கு மூலம் என்பது நம் கருத்து.

துளையில் ஆற்றலுள்ள இச்சேர்மங்கள் வெடிப்பில் ஏன் தோற்கின்றன? ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள வெடிப்பில் அவற்றின் விலக்குவிசை சில மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தையே தாங்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்றின் அழுத்தமோ, ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த உயர நீரின் அழுத்தத்துக்கு ஒப்பாகும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் காற்று அவ்வேகத்தையும் கடந்தது. ஆகவே வெடிப்பைக் கொத்தனாரைக் கொண்டு செப்பனிடாமல் பூச்சு மட்டும் இடுதல் வீண்செலவேயாம். கைப்பிடிச்சுவரின் தலைப்பு, ஜன்னல் ஓரம், ஒழுகும் குழாய் ஆகியவற்றுக்கும் இஃதொக்கும்.

இனி, நிலத்தினின்று ஏறும் ஓதம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய தேங்குநீரைத் தடுப்பது இப்பூச்சின் தொழிலன்று. நனைந்த சுவர் உலருமுன் அதன்மேல் படலம் இட்டால், ஈரம் வெளிவர வழியின்றிப் பூச்சைக் கொப்புளமாக எழுப்பும். நீரோடு வந்த உப்பு படலத்தின் பின்னே படிகமாகிக் காரையைப் பொரித்து உதிர்க்கும். சிப்பிச் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசிய பழைய சென்னை வீடுகளில் இக்கேடு மிகுதி. அச்சுண்ணாம்புக் காரை ஈரத்தை ஏற்று மீண்டும் விடும் இயல்புடையது. அதற்குப் படலப் பூச்சு ஆகாது என்று துணிந்தே கூறுவோம்.

ஐயமுள்ளோர் எளியதொரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டின் உட்புறத்தே, ஈரக்கறையுள்ள இடத்தில் ஒரு முழச் சதுர பாலிதீன் தாளை வைத்து, நான்கு விளிம்பும் காற்றுப் புகாவண்ணம் ஒட்டி, இரண்டு நாள் விடுக. தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி கண்டால் ஈரம் சுவரிலுள்ளது; அறைப்பக்கம் கண்டால் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்து படிந்தது. பின்னதற்கு வேண்டுவது காற்றோட்டமேயன்றிப் பூச்சன்று.

அற்றேல் எங்கே பயன்? வடகிழக்குப் பருவக்காற்றுச் சாரலை நேரே ஏற்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களிலும், மழைமறைப்பு இல்லாத மேல்மாடிச் சுவர்களிலும், பூசாது விட்ட செங்கற் சுவர்களிலும் சிலேன் வகைப் பூச்சு செலவுக்குத் தகும். அங்கும் அது நிலையானதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் இடவேண்டியதே. ஓரடி நீண்ட மழைமறைப்பு அமைக்க இடமிருந்தால் அதனையே முதலில் செய்க என்போம். பூச்சு இடுங்காலம் சித்திரை, வைகாசி. மழை தொடங்கியபின் ஈரச்சுவரில் இட்ட பூச்சு உள்ளே இறங்காது.